வீடு முழுக்க ஏசி போடலாமா? கரண்ட் பில்லுக்குப் பயப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கட்டடங்களுக்கு ஏசி கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதனால் பங்குனி பிறந்தாலே சொந்தக்காரர்கள், பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள், தம்பியின் அலுவலக நண்பர்கள் என்று போன் வர ஆரம்பித்துவிடும். வீடு கட்டுகிறவர்கள் சென்ட்ரல் ஏசி பற்றிக் கேட்பார்கள், ஃபிளாட்டில் இருப்பவர்கள் ஸ்டார் பற்றிக் கேட்பார்கள். பல வருடமாக அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். கணக்கெல்லாம் தமிழ்நாட்டு வெயிலுக்கும் ஈபி கட்டணத்துக்கும் போட்டது. அதிலும் பெரும்பாலும் சென்னைதான்.

1. "ஒன்றரை டன், ரெண்டு டன்னு சொல்றாங்களே, அது மெஷினோட எடையா சார்?"

இல்லை. அறையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வெப்பத்தை வெளியே தள்ளும் என்பதற்கான அளவு. ஏசி வருவதற்கு முன்னால் குளிர்ச்சி என்றால் ஐஸ்தான். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன் குளிர்ச்சி. இது அமெரிக்க டன், 907 கிலோ. வாட்டில் சொன்னால் 3,517. மெரினா எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ், பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்க 1842-இல் கட்டியது. இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். அந்தக் காலத்து மதராஸ் துரைமார்கள் உண்மையிலேயே டன் கணக்கில்தான் குளிர்ச்சி வாங்கினார்கள்.

கடையில் "ஒன்றரை டன்" என்று விற்கும் எல்லா மெஷினும் ஒரே அளவு இல்லை. சரியான ஒன்றரை டன் 5,275 வாட். லேபிளில் குளிரூட்டும் திறன் என்று வாட்டில் போட்டிருப்பார்கள். 4,700-லிருந்து 5,200 வரை பலவிதமாக இருக்கும். விலையை ஒப்பிடும் முன் இதை ஒப்பிடுங்கள்.

2. "இன்வெர்ட்டர் ஏசி வாங்கினா கரண்ட் போனாலும் ஓடுமாண்ணா?"

ஓடாது. பேட்டரி வைத்த வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய மாடல் ஏசியில் கம்ப்ரசருக்கு இரண்டே நிலைதான்: முழு வேகம், இல்லாவிட்டால் நிறுத்தம். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அறை குளிர்ந்த பிறகு மெதுவாக ஓடிக்கொண்டே இருப்பதால் மின்சாரம் மிச்சம். ராத்திரி முழுக்க ஓடும் ஏசியில்தான் இந்த மிச்சம் தெரியும்.

3. "ஃபைவ் ஸ்டார்னா ஃபைவ் ஸ்டார்தானே, எந்த வருஷத்து மெஷினா இருந்தா என்ன?"

ஸ்டார் கொடுப்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம், சுருக்கமாக பி.இ.இ. எத்தனை ஸ்டார் என்பதை முடிவு செய்யும் எண்ணுக்கு ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று பெயர். ஒரு சீசன் முழுக்க ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று சொல்லும் எண் அது. வெளியே 24 டிகிரியிலிருந்து 43 டிகிரி வரை, மொத்தம் 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டு கணக்கிடுகிறார்கள்.

பட்டியலை அவ்வப்போது இறுக்குவார்கள். 2018-இல் ஸ்பிளிட் ஏசி ஐந்து ஸ்டார் வாங்க 4.5 போதும். 2022 ஜூலையிலிருந்து 5 வேண்டும் என்று மாறியது. முதல் நாள் ஐந்து ஸ்டாராக இருந்த 4.6 மெஷின் மறுநாள் நான்கு ஸ்டார். "பழைய ஸ்டாக், பெரிய தள்ளுபடி" என்று கடைக்காரர் சொன்னால் ஸ்டாரை எண்ண வேண்டாம். லேபிளில் எந்தக் காலத்துக்கானது என்பதையும் அந்த எண்ணையும் பாருங்கள். எண் பொய் சொல்லாது.

4. "மூணு ஸ்டாருக்கும் அஞ்சு ஸ்டாருக்கும் எட்டாயிரம் வித்தியாசம். அது திரும்பக் கிடைக்குமா?"

எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள், ஈபியில் எந்த ஸ்லாபில் இருக்கிறீர்கள் என்ற இரண்டும் தெரிந்தால் சொல்லிவிடலாம். முதலில் ஸ்லாப். பலரும் பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து "எனக்கு யூனிட் ஐந்தரை ரூபாய்தான்" என்பார்கள். இங்கேதான் தப்பு. ஏசி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஆகும் வீட்டை எடுத்துக்கொள்வோம். ஏசி போட்டதும் 300 யூனிட் கூடி 720 ஆகிறது. கூடிய யூனிட்டில் பெரும்பகுதி 500-ஐத் தாண்டி, எட்டு ஒன்பது ரூபாய் ஸ்லாபில் போய் விழுகிறது. 500-ஐத் தாண்டியதால் கீழ் ஸ்லாபில் கிடைத்த சலுகையும் போகிறது. பழைய பில்லுக்கும் புதிய பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தை 300-ஆல் வகுத்தால் யூனிட்டுக்குச் சுமார் 9 ரூபாய் வரும். ஏசியின் மின்சாரத்துக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை இதுதான். ஆயிரம் யூனிட்டைத் தாண்டுகிற வீட்டில் இது 11 ரூபாய்க்கும் மேல்.

இனி மணி நேரம். ஒன்றரை டன்னில் மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் 1,600 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 200 யூனிட் வித்தியாசம் இருக்கும். நீங்கள் பார்க்கும் இரண்டு மாடலின் லேபிளிலும் வருட யூனிட் அச்சாகியிருக்கும், கழித்துப் பாருங்கள். சென்னையில் வருடத்தில் எட்டு மாதம், ராத்திரி பத்து மணி நேரம் ஓட்டினால் 2,400 மணி நேரம். மிச்சம் 300 யூனிட், அதாவது 2,700 ரூபாய். எட்டாயிரம் மூன்றே வருடத்தில் திரும்பிவிடும். வருடத்தில் நாற்பது ராத்திரி மட்டும் ஓடும் விருந்தினர் அறைக்கு அதே மெஷின் என்றால் மிச்சம் 450 ரூபாய். போட்ட காசு திரும்ப ஏறக்குறைய 18 வருடம். அந்த அறைக்கு மூன்று ஸ்டாரே அதிகம்.

5. "பதினாலுக்குப் பன்னண்டு ரூமு. ஒரு டன் போதுமா, ஒன்றரை வேணுமா?"

அறையின் நீள அகலம் மட்டும் சொன்னால் என்னால் பதில் சொல்ல முடியாது. அதே 168 சதுர அடி அறை, நடுமாடியில், மூன்று பக்கமும் வேறு வீடு, வடக்குப் பார்த்த ஜன்னல் என்றால் ஒரு டன்னில் சுகமாக இருக்கலாம். கடைசி மாடி, மேற்குச் சுவர், சன்ஷேட் இல்லாத பெரிய கண்ணாடி ஜன்னல் என்றால் ஒன்றரை டன்னே மே மாதம் திணறும். உள்ளே தூங்குகிற ஒவ்வொருவரும் எழுபது எண்பது வாட் வெப்பம் விடுகிறோம், அதையும் சேர்க்க வேண்டும்.

வாட்ஸாப்பில் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது நான்கு: மேலே மொட்டை மாடியா வீடா, மேற்கில் என்ன இருக்கிறது, ஜன்னல் எவ்வளவு பெரியது, எத்தனை பேர் படுப்பீர்கள். இதைக் கேட்காமல் டன் சொல்லும் கடைக்காரர் தன்னிடம் இருக்கும் ஸ்டாக்கைச் சொல்கிறார்.

6. "கடைசி மாடி மாமா. ரெண்டு டன் போட்டும் குளிரல. மெஷின் சரியில்லையா?"

மெஷின் சரியாகத்தான் இருக்கும், தளம்தான் சரியில்லை. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட், ராத்திரி பதினொரு மணிக்கு அதை உங்கள் மேல் கக்குகிறது. ஃபேன் போட்டால் சூடான காற்று வருகிறது என்கிறீர்களே, அது இதுதான். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மரச்சட்டம், சின்னச் செங்கல், சுண்ணாம்பு எனத் தளம் கனமாக இருக்கும். இப்போதைய கான்கிரீட் தளம் நாலரை, ஐந்து அங்குலம். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதிப்பது வழக்கமாக இருந்தது. இப்போது பல பில்டர்கள் அதைச் சுருக்கிவிட்டார்கள்.

செலவு குறைவான முதல் வேலை, மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அல்லது வெள்ளை டைல்ஸ். அப்புறம் மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல். உள்ளே திரை போட்டால் வெப்பம் ஏற்கனவே கண்ணாடி தாண்டி உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம், பாதிப் பலன்தான். வெளியே மூங்கில் தட்டி கட்டினாலும் போதும், அழகு பார்க்காதீர்கள். வீடு கட்டுகிறவர்கள் தளத்துக்கு மேலேயே இன்சுலேஷன் பலகை போட்டுத் தட்டோடு பதித்துவிட்டால் அடுத்த முப்பது வருடத்துக்கு அது வேலை செய்யும். ஏசி பத்து வருடத்தில் மாறிவிடும். காசு எதில் போட வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஸ்டாருக்கு முன்னால் தளத்தில் போடச் சொல்வேன்.

7. "பெருசா வாங்கிட்டா சீக்கிரம் குளுந்துடும்ல? பின்னாடி பிரச்சினை வராதுல்ல?"

சென்னையில் வரும். இங்கே ஏசிக்கு இரண்டு வேலை: வெப்பத்தைக் குறைப்பது, காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிழிந்து டிரெயின் பைப்பில் விடுவது. ஈரம் பிழிய நேரம் வேண்டும். தேவைக்கு மிஞ்சிய மெஷின் பத்து நிமிடத்தில் டிகிரியை இறக்கிவிட்டு ஓய்ந்துவிடும். டிகிரி 24 காட்டும், ஆனால் போர்வை பிசுபிசுக்கும். உடனே 21-க்கு இறக்குவீர்கள். பில் அங்கேதான் ஏறுகிறது. கோவையிலும் கரூரிலும் இது அவ்வளவாகத் தெரியாது, கடலோர ஊர்களில் நன்றாகத் தெரியும்.

8. "சென்ட்ரல் ஏசி, சென்ட்ரல் ஏசின்னு எல்லாரும் சொல்றாங்க. வீட்டுக்கு அது எந்த மாதிரி வரும்?"

நம் ஊரில் வீட்டுக்குள் மூன்று விதமாக வருகிறது. முதலாவது டக்டபிள்: ஒரு பெரிய இண்டோர் யூனிட்டை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைத்து, தகர டக்ட் வழியாக எல்லா அறைக்கும் குளிர்காற்று. இரண்டாவது வி.ஆர்.எஃப்.: மாடியில் ஒரு அவுட்டோர், அதிலிருந்து காப்பர் பைப் கிளைகிளையாகப் பிரிந்து ஒவ்வொரு அறையிலும் தனி இண்டோர், தனி ரிமோட். டைக்கின் நிறுவனம் 1982-இல் ஜப்பானில் கொண்டுவந்த முறை. அவர்கள் வைத்த பெயர் வி.ஆர்.வி., அதனால் பலரும் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். மூன்றாவது மல்டி ஸ்பிளிட், வி.ஆர்.எஃபின் தம்பி. ஒரு அவுட்டோருக்கு இரண்டிலிருந்து நான்கைந்து இண்டோர் வரை.

ரூம் ஏசியில் பார்க்கும் ஸ்டார் லேபிள் ஏறக்குறைய மூன்று டன் வரைதான். பெரிய மெஷினுக்குப் போகும்போது ஒட்டிய லேபிளை நம்பி வாங்கும் வசதி குறைகிறது. கம்பெனியின் டேட்டா ஷீட்டைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். முழு லோடில் எவ்வளவு, பாதி லோடில் எவ்வளவு என்று இரண்டு எண்ணும் இருக்க வேண்டும்.

9. "நேரா சொல்லுங்க சித்தப்பா. வீடு முழுக்க வி.ஆர்.எஃப். போட்டா கரண்ட் கம்மியா, தனித்தனி ஸ்பிளிட் போட்டா கம்மியா?"

ராத்திரி எத்தனை அறை ஒரே நேரத்தில் ஓடும்? விடை இதில்தான் இருக்கிறது.

ஒரு வீட்டைக் கணக்குப் போடுவோம். ஹால், டைனிங் சேர்த்து 3 டன். மூன்று பெட்ரூம், தலா ஒன்றரை டன். இண்டோர் மொத்தம் 7.5 டன். பகலில் ஹால், ராத்திரியில் பெட்ரூம்கள் என்று ஓடுவதால் எல்லாம் ஒன்றாக முழுத் திறனில் ஓடாது. அதனால் 8 எச்.பி. அவுட்டோர், அதாவது சுமார் 6.4 டன், போதும். வி.ஆர்.எஃபில் இப்படி இண்டோர் மொத்தத்தை அவுட்டோரின் 130 சதவீதம் வரை போக அனுமதிப்பார்கள். வாங்கும் மெஷின் சின்னதாகிறது, பாதி லோடில் ஓடும்போது அதன் திறனும் நன்றாக இருக்கும். அப்பா அம்மா ஒரு அறை, நீங்கள் ஒரு அறை, பிள்ளைகள் ஒரு அறை, பகலில் ஹாலில் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை என்று வாழும் வீட்டுக்கு இது பொருந்தும்.

அதே வீட்டில் பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், இரண்டு பேர் ஒரே பெட்ரூமில் படுக்கிறீர்கள் என்று வையுங்கள். நடுராத்திரிக்கு மேல் அந்த அறைக்குத் தேவைப்படுவது அரை டன் இருக்கலாம். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் அந்த அளவுக்கு இறங்கி நிதானமாக ஓடும். 6.4 டன் அவுட்டோரால் அவ்வளவு தூரம் இறங்க முடியாது. போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்தி ஓடும். ஒரு டம்ளர் காபிக்குக் கல்யாண அடுப்பைப் பற்ற வைத்த கதை. போதாததற்குப் பல மாடல்களில் மெஷின் ஓடாத நேரத்திலும் கம்ப்ரசர் ஆயிலைச் சூடாக வைத்திருக்க ஒரு சின்ன ஹீட்டர் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும்.

என் அபிப்பிராயம்: ராத்திரி வழக்கமாக மூன்று அறைக்குக் குறைவாக ஓடும் வீட்டில் ஐந்து ஸ்டார் ஸ்பிளிட்டுகளே சிக்கனம். வாங்கும் விலையிலும் சிக்கனம். அவுட்டோர் வைக்க இடமே இல்லை, வீட்டு முகப்பில் பெட்டிகள் தொங்கக் கூடாது என்றால் வி.ஆர்.எஃப். போடுங்கள், ஆனால் அது அழகுக்குக் கொடுக்கும் விலை என்று தெரிந்தே போடுங்கள். இன்னொன்று, கத்திரி வெயிலில் அந்த ஒரே அவுட்டோர் படுத்தால் வீடே படுத்துவிடும்.

10. "டக்ட் போட்டா மலிவுன்னு கான்ட்ராக்டர் சொல்றாரு?"

போடும்போது மலிவு. சாதாரண டக்டபிளுக்கு ஒரே தெர்மோஸ்டாட். ஒரு அறைக்கு வேண்டுமென்றாலும் மொத்த வீடும் குளிரும். அறைக்கு அறை மூடித் திறக்கும் மோட்டார் டேம்பர் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம், அப்போது அந்த மலிவு போய்விடும். டக்டில் காற்றைத் தள்ளப் பெரிய புளோயர் வேண்டும், அதுவும் கரண்ட்தான். இணைப்புகளில் காற்று கசிந்தால் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று ஃபால்ஸ் சீலிங்குக்குள் போகும். அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டத்தின் கணக்குப்படி சாதாரண வீடுகளில் டக்ட் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை இப்படி வீணாகிறது. கல்யாண மண்டபத்துக்கும் ஒரே பெரிய ஹாலுக்கும் டக்ட் அருமை. நான்கு பெட்ரூம் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

11. "அமெரிக்காவுல அண்ணன் வீட்ல ஒரே மெஷின்தான், ரேட்டிங் 16-ஆம். இங்க அஞ்சுதான் இருக்கு. நம்மகிட்ட விக்கிறது மட்டமா?"

அளவுகோல் வேறு. அங்கே ஒரு வாட்-மணிக்கு எத்தனை பி.டி.யு. (அவர்கள் வெப்பத்தை அளக்கும் அலகு) என்று எண்ணுகிறார்கள், நாம் வாட்டுக்கு வாட் எண்ணுகிறோம். அவர்கள் எண்ணை 3.412-ஆல் வகுத்தால் நம் எண்ணுக்குப் பக்கத்தில் வரும். 16 என்பது இங்கே 4.7 மாதிரி. பரிசோதனை செய்யும் வெப்பநிலைகளும் வேறு என்பதால் அதையும் அப்படியே ஒப்பிட முடியாது. 2023 ஜனவரியிலிருந்து அங்கே சியர்-2 என்ற புதிய, கடினமான முறை. தெற்கு மாநிலங்களில் சாதாரண வீட்டு சென்ட்ரல் ஏசிக்குக் குறைந்தபட்சம் 14.3. நம் கணக்கில் 4.2.

அண்ணன் வீடு மரச்சட்டத்தில், சுவருக்குள் இன்சுலேஷன் அடைத்துக் கட்டியது. குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றைக் கொண்டுபோக எப்படியும் டக்ட் வேண்டும். கோடையில் அதே டக்டில் ஏசி. நமக்கு ஹீட்டரும் தேவையில்லை, சுவரில் இன்சுலேஷனும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்து மார்கழியைக் கழிப்பவர்கள் நாம்.

12. "கொட்டேஷன் மூணு வந்திருக்கு. ஒருத்தர் 6 டன், ஒருத்தர் 8, ஒருத்தர் 10-ங்கறாரு. யாரை நம்ப?"

மூவரிடமும் ஹீட் லோட் ஷீட் கேளுங்கள். அறை வாரியாக, சுவர் எந்தத் திசை, ஜன்னல் எத்தனை சதுர அடி, தளம் வெயிலில் இருக்கிறதா, எத்தனை பேர் என்று எழுதி, கீழே டன் வர வேண்டும். 5-ஆம் கேள்வியில் நான் கேட்ட நான்குதான், விரிவாக. கொடுக்க முடியாதவர் சதுர அடியை ஏதோ ஒரு எண்ணால் வகுத்திருக்கிறார். 10 டன் சொன்னவர் உங்களுக்கு நல்லது செய்வதாகவே நினைத்திருப்பார், "குளிரவில்லை என்று நாளைக்குக் கூப்பிடக் கூடாது பாருங்கள்". 7-ஆம் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

தளத்தில் இன்சுலேஷன் போடப் போகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லி, அதற்கேற்ற ஷீட் கேளுங்கள். டன் குறையும். நான் பார்த்த சில வீடுகளில் குறைந்த டன்னின் விலை இன்சுலேஷன் செலவில் நல்ல பங்கை ஈடுகட்டியிருக்கிறது. அப்புறம், வெளிக்காற்று உள்ளே வர என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். ஸ்பிளிட்டோ வி.ஆர்.எஃபோ, உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது. வீட்டை முழுக்க மூடி வைத்தால் காலையில் தலை கனக்கும்.

13. "18-ல வெச்சா சீக்கிரம் குளிருமே?"

குளிராது. இன்வெர்ட்டர் மெஷின் ஆரம்பத்தில் எப்படியும் முழு வேகத்தில்தான் ஓடும், 24 வைத்தாலும் 18 வைத்தாலும் முதல் கால் மணி நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அதற்குப் பிறகு, நீங்கள் தூங்கிய பின். டிகிரி ஒன்று கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் ரூம் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. 26 வைத்து சீலிங் ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்திலேயே 30 வாட் சொச்சம்தான் எடுக்கும்.

14. "ஆர்-32 கேஸ் தீப்பிடிக்கும்னு படிச்சேன். வீட்ல வைக்கலாமா?"

லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது என்ற வகையில்தான் அதை வைத்திருக்கிறார்கள், உண்மை. வீட்டு மெஷினில் இருக்கும் அளவுக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது, கசிவைத் தேடத் தீக்குச்சி உரசும் மெக்கானிக்குக்கு. பழைய ஆர்-22 ஓசோனைக் கெடுத்தது. ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் வளியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு. ஆர்-32-க்கு அது 675. புரொப்பேன் வகையான ஆர்-290-க்கு வெறும் 3, அது நன்றாகவே தீப்பிடிக்கும் என்பதால் மெஷினில் மிகக் குறைந்த அளவே அடைப்பார்கள்.

வி.ஆர்.எஃபில் வீடு முழுக்க ஓடும் பைப்பில் கிலோக்கணக்கில் கேஸ் இருக்கும். சின்னப் படுக்கையறையில் கசிந்தால் என்ன ஏற்பாடு என்று கான்ட்ராக்டரைக் கேட்பது நியாயமான கேள்வி.

15. "வருஷா வருஷம் கேஸ் குறையுது, ரெண்டாயிரம் மூவாயிரம் ஆகுது. எல்லா ஏசியும் இப்படித்தானா?"

ஏசி கேஸைக் குடிப்பதில்லை. அது மூடிய சுற்றில் ஓடிக்கொண்டே இருக்கும், வாங்கியபோது இருந்த அளவுதான் பத்து வருடம் கழித்தும் இருக்க வேண்டும். குறைந்தால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுபவர் அடுத்த வருடமும் வருவதற்கு வழி செய்துகொண்டு போகிறார். கேஸ் குறைந்த ஏசி ஓடும், ஆனால் நீண்ட நேரம் ஓடிக் குறைவாகக் குளிர்விக்கும். ஐந்து ஸ்டாரை இரண்டு ஸ்டாராக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பல நேரம் கேஸே குறைந்திருக்காது, ஃபில்டர் அடைத்திருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

16. "மாட்டுறதுல அப்படி என்ன இருக்கு? கம்பெனி ஆளு ஒரு மணி நேரத்துல மாட்டிட்டுப் போயிட்டாரு."

ஒரு மணி நேரமா? அப்படியானால் வேக்யூம் பம்ப் போட்டிருக்க மாட்டார். இண்டோரையும் அவுட்டோரையும் இணைக்கும் காப்பர் பைப்பில் காற்றும் ஈரமும் இருக்கும். பம்ப் வைத்து அதை உறிஞ்சி எடுத்து, அழுத்தம் நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டுத்தான் கேஸைத் திறக்க வேண்டும். அவசரக்காரர்கள் மெஷினில் இருக்கும் கேஸையே கொஞ்சம் விட்டுக் காற்றைத் தள்ளிவிடுவார்கள். கேஸும் குறையும், ஈரமும் உள்ளேயே தங்கும். மாட்ட வருபவரிடம் போனிலேயே "பம்ப் கொண்டு வர்றீங்களா தம்பி?" என்று கேட்டுவிடுங்கள்.

அவுட்டோர் வைக்கும் இடத்தையும் நீங்களே பாருங்கள். பால்கனி மூலையில், கம்பி வலைக்குள், துணி காயப்போடும் இடத்தில் அடைத்து வைத்தால் அது விடும் சூடான காற்றையே திரும்ப இழுக்கும். சில அடுக்குமாடிகளில் குறுகலான ஷாஃப்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு அவுட்டோர்கள். கீழ்வீட்டுக்காரர் விடும் சூட்டை மேல்வீட்டுக்காரர் வாங்குகிறார். மேல்மாடியில் இருப்பவரின் மெஷினுக்கு வெளியே 35 டிகிரி இல்லை, 45.

17. "பெசன்ட் நகர்ல வீடு. கடல் காத்துக்கு எது தாங்கும்?"

காப்பர் காயில், அதன் மேல் நீலமாகவோ பொன்னிறமாகவோ பாதுகாப்புப் பூச்சு. அலுமினியக் காயிலும் குளிர்விக்கும்தான், ஓட்டை விழுந்தால் நம் ஊர் மெக்கானிக்குகளால் பற்றவைப்பது கஷ்டம், காயிலையே மாற்ற வேண்டிவரும். அவுட்டோரைக் கடலுக்கு முதுகு காட்டும் பக்கம் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி விடுங்கள். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் குழாயால் கழுவிய ஒருவரை எனக்குத் தெரியும்.

18. "சோலார் போட்டுட்டா ஸ்டாரெல்லாம் பார்க்க வேணாம்ல?"

நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் 12, இரண்டு மாதத்துக்கு 720. 4-ஆம் கேள்வியில் பார்த்த வீட்டின் மொத்தத் தேவை. மத்திய அரசின் சூர்யா கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. பேனல் தருவது பகலில், பெட்ரூம் ஏசி ஓடுவது ராத்திரியில் என்பதால், பகலில் ஈபிக்கு அனுப்பியதை ராத்திரி எடுத்ததில் கழிக்கும் நெட் மீட்டர் கட்டாயம் வேண்டும். ஸ்டார் குறைந்த மெஷினுக்கு இன்னும் கொஞ்சம் பேனல் தேவைப்படும், அதற்கும் காசுதானே. பேனல் போட்ட இடத்தில் மொட்டை மாடிக்கு நிழல் விழுவது 6-ஆம் கேள்விக்காரருக்கு இலவச லாபம்.

19. "பன்னண்டு வருஷத்து ஏசி, இன்னும் நல்லா ஓடுது. எதுக்கு மாத்தணும்?"

எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். தினமும் ஓடுகிறதென்றால் மாற்றுங்கள், அந்தக் காலத்து மெஷின் இன்றைய ஐந்து ஸ்டாரைவிட ஒன்றரை மடங்குக்கு மேலேயே இழுக்கும். எப்போதாவது ஓடுகிறதென்றால் ஓடும் வரை ஓடட்டும். விலைக்காகத் தள்ளிப்போட்டவர்களுக்கு: 2025 செப்டம்பர் 22-லிருந்து ஏசிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்திருக்கிறது.

20. "இன்வெர்ட்டர் ஏசிக்கு ஸ்டெபிலைசர் வேணாம்னு சொல்லித்தான் வித்தாங்க. போர்டு போயிடுச்சு, பன்னண்டாயிரம் கேக்குறாங்க!"

இன்வெர்ட்டர் மெஷின்கள் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினால் தாங்கும். தாங்கும் எல்லையை லேபிளிலோ கையேட்டிலோ போட்டிருப்பார்கள். உங்கள் தெருவில் சாயங்காலம் லைட் மங்குகிறது, மழை வந்தால் பளிச்சென்று ஏறுகிறது என்றால் ஸ்டெபிலைசர் போட்டுவிடுங்கள், நாலாயிரம் ஐயாயிரத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் போர்டைக் கழற்றி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். என் வீட்டில் இதே மாதிரி போர்டு போனபோது வோல்டேஜைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மெக்கானிக் அவுட்டோரைத் திறந்து ஸ்க்ரூ டிரைவர் முனையால் எடுத்துக் காட்டினார்: இரண்டு முனைக்கும் நடுவே காய்ந்துபோன ஒரு பல்லி. கதகதப்புக்கு உள்ளே போயிருக்கிறது. வயர் நுழையும் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைக்க இருபது ரூபாய்கூட ஆகியிருக்காது.